மாட்டுவது வேறு, தாங்குவது வேறு

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் வண்டியின் சக்கரத்தோடு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஒருவர் படுகிற ஆசைக்கு இன்னொருவர் எப்படி விலை கொடுக்கிறார் என்று பார்த்துச் சொல்வதுதான் கதைக்காரனுடைய தொழில். அந்த ஆசை ஒரு பெண்ணின் மேல் இருக்கலாம். ஒரு காணி நிலத்தின் மேல் இருக்கலாம். பளபளக்கிற நான்கு சக்கரங்களின் மேலும் இருக்கலாம். ஆசைப்பட்ட பொருள் அற்பமானது என்பதால் கொடுக்கிற விலையும் அற்பமாகிவிடுவதில்லை.

இங்கிலாந்தில் கேம்பர் வேன் என்று ஒரு வண்டி வெகு பிரசித்தம். சரக்கு ஏற்றுவதற்காகச் செய்த வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, அதையே ஒரு நடமாடும் வீடாக்கிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கார்ன்வால் கடற்கரைக்கோ வேல்ஸ் மலைப்பக்கமோ புறப்பட்டுவிடுகிறார்கள். இரவில் வண்டியே படுக்கையறை. காலையில் வண்டியே சமையற்கட்டு. என்னைக் கேட்டால், மோட்டார் யுகம் மனிதனுக்குக் கொடுத்த சௌகரியங்களில் இதைவிட இனிமையானது வேறொன்று இல்லை.

ஆனால் இந்த வீட்டை அதன் சொந்தக்காரர்களில் பலர் சும்மா விடுவதில்லை. வாங்கிய சில மாதங்களுக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தரையை நோக்கி இறக்குகிறார்கள். நாற்பது மில்லிமீட்டர், அறுபது மில்லிமீட்டர் என்று தாழ்த்தியதும், மூட்டை தூக்கும் கூலியாளைப் போல் நின்ற வேன், பாய்வதற்குப் பதுங்கிய புலியைப் போல் தோற்றம் கொடுக்கிறது. இரண்டாவது, அந்த வேனுக்கென்று செய்யாத, வேறொரு காரிலிருந்து கழற்றிய அலாய் சக்கரங்களைத் தேடிப் பிடித்து வாங்கி மாட்டுகிறார்கள். அலுமினியக் கலவையில் வார்த்த அந்தச் சக்கரங்களின் ஆரக்கால்கள் வெயிலில் மின்னும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன்.

என் சண்டை அழகோடு அல்ல. விற்கிறவர் சொல்லி, வாங்குகிறவர் கேட்டு, இருவரும் திருப்தியோடு தலையாட்டிக்கொள்கிற ஒரு சொல்லோடுதான் என் சண்டை. ‘பொருந்தும்’ என்பது அந்தச் சொல். “ஐந்து ஓட்டையும் நேருக்கு நேர் வருகிறது, அப்படியே பொருந்தும்” என்கிறார்கள். ஐயா, மாட்டுவது வேறு, தாங்குவது வேறு! இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற பேச்சைத்தான் நான் பொய் என்கிறேன்.

அந்த ஐந்து ஓட்டைகளின் கதையைக் கேளுங்கள். வோக்ஸ்வாகன் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட்டர் வேன்தான் கேம்பர் உலகத்தில் ராஜா. அதன் ஐந்தாம் தலைமுறை 2003இல் விற்பனைக்கு வந்தது. முந்தைய தலைமுறையில் சக்கரத்தைப் பிணைக்கிற ஐந்து போல்ட்டுகளும் 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருந்தன. புதிய வேனில் அந்த வட்டம் 120 மில்லிமீட்டர் ஆயிற்று. அதே ஐந்து போல்ட்டு, அதே 120 மில்லிமீட்டர் வட்டம் பி.எம்.டபிள்யூ. கார்களில் வெகுகாலமாக இருந்து வந்தது. ஓர் எண் ஒத்துப்போயிற்று. அவ்வளவுதான், பழைய சாமான் கடைகளில் கிடந்த பி.எம்.டபிள்யூ. சக்கரங்களுக்கெல்லாம் புது வாழ்வு வந்துவிட்டது!

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஜாதகம் பார்க்கிறவர்கள்கூடப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஒரு பொருத்தம் இருக்கிறது என்று கண்டதும், மற்ற ஒன்பதையும் பாராமல் பந்தக்கால் நடுகிற தகப்பனை நான் எங்கும் கண்டதில்லை. மோட்டார் விஷயத்தில் மட்டும் மெத்தப் படித்தவர்கள் அந்தக் காரியத்தைச் செய்கிறார்கள்.

அவர்கள் பாராமல் விட்ட பொருத்தங்களைச் சற்றுப் பார்ப்போம்.

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம் என்று ஒன்று உண்டல்லவா? அதற்குள்தான் அச்சு நுழையும். மோட்டார் சக்கரத்தின் நடுவிலும் அப்படி ஒரு துளை உண்டு. வண்டியின் ஹப்பில் உள்ள மேடு அந்தத் துளையில் இறுகப் பதிந்து, சக்கரத்தை அணுவும் பிசகாமல் நடுவில் நிறுத்த வேண்டும். அந்த வேனின் மேட்டுக்கு விட்டம் 65.1 மில்லிமீட்டர். பி.எம்.டபிள்யூ.வின் 3ஆம் வரிசைக் கார்களில் பெரும்பாலானவற்றின் சக்கரத் துளை 72.6 மில்லிமீட்டர். வித்தியாசம் ஏழரை. சனியனுக்கு உகந்த எண்! இந்த இடைவெளியை அடைக்கத் தனியாக ஒரு வளையம் விற்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் சக்கரம் நடுவில் நிற்கும். பத்துப் பவுனைக்கூட எட்டாத அந்த வளையத்தை வாங்காமல், “போல்ட்டை முடுக்கினால் தானாக நடுவில் வந்து நிற்கும்” என்று மாட்டிக்கொண்டு, பிறகு ஸ்டியரிங் ஏன் நடுங்குகிறது என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறவர்கள் உண்டு.

அடுத்தது போல்ட்டு. வோக்ஸ்வாகன் போல்ட்டின் தலைக்குக் கீழே, சக்கரத்தில் பதிகிற பாகம் உருண்டையாக இருக்கும். பி.எம்.டபிள்யூ. சக்கரத்தில் அந்தப் பாகம் பதிவதற்கு வெட்டியிருக்கும் குழி கூம்பு வடிவம். கூம்பான குழியில் உருண்டையான தலையை வைத்து முடுக்கினால் என்ன ஆகும்? முழு முகமும் படியாது. மெல்லிய ஒரு வளையமாக மட்டுமே உரசிக்கொண்டு நிற்கும். கையில் முடுக்கும்போது இறுகிவிட்டதாகத்தான் தோன்றும். சில நூறு மைல் ஓடியபின் அந்த விளிம்பு நசுங்கி இடம் கொடுக்கும், போல்ட்டு தளரும். சரியான கூம்புத் தலைப் போல்ட்டு கடையில் கிடைக்கிறது. ஆனால் வேனில் ஏற்கெனவே இருபது போல்ட்டு இருக்கும்போது புதிதாக இருபது வாங்க வேண்டும் என்று யார் நினைக்கிறார்கள்?

மூன்றாவது, சக்கரம் எங்கே நிற்கிறது என்பது. சக்கரத்தின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் பதிகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கு ஆஃப்செட் என்று பெயர். வேனுக்கென்று செய்த 17 அங்குலச் சக்கரத்தில் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் 55 மில்லிமீட்டர். 3ஆம் வரிசைக் கார் ஒன்றின் 17 அங்குலச் சக்கரத்தில் அகலம் 8 அங்குலம், ஆஃப்செட் 34. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சக்கரத்தின் நடுக்கோடு 21 மில்லிமீட்டர் வெளியே போகிறது; வெளி விளிம்போ ஏறக்குறைய 34 மில்லிமீட்டர் வெளியே துருத்துகிறது. பாரத்தின் நெம்பு நீளுகிறது. அதைச் சுமக்கிற பேரிங் கூடுதலாக வருந்துகிறது. வண்டியைத் தாழ்த்தியும் இருப்பதால் திருப்பங்களில் டயர் மட்கார்டின் உள்விளிம்பைத் தேய்க்கிறது. உடனே என்ன செய்கிறார்கள் தெரியுமா? மட்கார்டின் விளிம்பை உள்ளே மடக்கி அடிக்கிறார்கள். செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவது என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொன்னதை இவர்கள் பட்டறையில் வைத்துச் செய்துகாட்டுகிறார்கள்.

இதற்கும் ஒரு படி மேலே போனவர்கள் இருக்கிறார்கள். வாக்ஸ்ஹால் விவாரோ என்று இன்னொரு வேன். 2001 முதல் 2014 வரை வந்த முதல் தலைமுறையில் அதன் போல்ட்டு வட்டம் 118 மில்லிமீட்டர். 120 மில்லிமீட்டர் சக்கரம் அதில் நேராக உட்காராது. இங்கே அந்த ஒரே ஒரு பொருத்தமும் இல்லை! ஆனாலும் மாட்டுகிறார்கள். தலைக்கும் தண்டுக்கும் நடுவே அசைந்து கொடுக்கிற ஒரு கழுத்துப்பட்டை வைத்த போல்ட்டு அதற்கென்றே விற்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு ‘வாபிள் போல்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தள்ளாடும் போல்ட்டு என்று அர்த்தம். நல்ல தரத்தில், அந்த இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கென்றே அளந்து செய்ததாக இருந்தால் அது தன் வேலையைச் செய்யும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது நல்ல தரம் என்று உரசிப் பார்க்க வாங்குகிறவரிடம் என்ன உரைகல் இருக்கிறது? மலிவாகக் கிடைத்தது என்பதைத் தவிர அவருக்கு அதைப்பற்றி வேறொன்றும் தெரியாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு எழுபது மைல் வேகத்தில் போகிறவர், தன் வண்டியின் நான்கு மூலைகளையும் அதனிடம் ஒப்படைத்திருக்கிறார்.

இவ்வளவும் ஒரு பக்கம் இருக்கட்டும். வளையம் போட்டாயிற்று, போல்ட்டு மாற்றியாயிற்று, டயர் எங்கும் தேய்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போதுதான் முக்கியமான கேள்வி வருகிறது: பாரம்?

அந்த டிரான்ஸ்போர்ட்டர் வேன், ஆளும் சாமானும் ஏற்றிய நிலையில் 2,800 கிலோ வரை இருக்கலாம் என்று ஒரு வகை. 3,200 கிலோ வரை என்று இன்னொரு வகை. பி.எம்.டபிள்யூ. 3ஆம் வரிசைக் கார் ஆளும் பெட்டியும் நிறைந்த நிலையில் இரண்டு டன்னை ஒட்டி நிற்கும். டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறி அது. அந்தக் காரின் 17 அங்குலச் சக்கரத்தோடு வரும் டயரில் 91 என்று இருக்கும். 91 என்றால் 615 கிலோ. நான்கு டயருக்கு 2,460 கிலோ. காருக்கு அது தாராளம். 2,800 கிலோ வேனுக்கு? சின்ன வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு இது. நான்கு டயரும் தம்மால் இயன்ற மட்டும் தாங்கினாலும் 340 கிலோ அந்தரத்தில் நிற்கிறது! அதே வேனுக்கென்று கம்பெனி கொடுத்த 17 அங்குல டயரில் 103 என்று இருக்கும். அதாவது ஒவ்வொன்றும் 875 கிலோ. கம்பெனிக்காரன் முட்டாள் அல்ல.

“டயரை மாற்றிவிட்டால் போயிற்று” என்பார்கள். மாற்றுங்கள், மிகவும் நல்லது. ஆனால் டயருக்கு உள்ளே இருக்கிற சக்கரத்துக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. கடையில் புதிதாக விற்கிற பல சக்கரங்களில் அதை உட்புறத்தில் பொறித்திருப்பார்கள். காரிலிருந்து கழற்றிய சக்கரத்தில் பெரும்பாலும் அப்படி இராது. அந்தக் காருக்கு அது போதும் என்று காரைச் செய்தவனுக்குத் தெரியும், அதனால் அவன் எழுதவில்லை. வேனில் மாட்டுவீர்கள் என்று அவன் கனவா கண்டான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2,800 கிலோ என்பது நான்கு சக்கரங்களிலும் சமமாக உட்காருவதில்லை. கட்டில் பின்பக்கம், அலமாரி பின்பக்கம், துணிமணி மூட்டை பின்பக்கம். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது அரசர்களுக்காக. கேம்பர்காரர்கள் அதை உவமை என்று தள்ளாமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஐம்பது லிட்டர் என்றால் ஐம்பது கிலோ. விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் கொடுக்கிற ஈய பாட்டரி இருபது, இருபத்தைந்து கிலோ. தூக்கி விரிக்கிற கூரை, சமையல் வாயு, சைக்கிள், வெயிலுக்குப் பந்தல், மாமியார். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் மயிலிறகுதான்.

வண்டியைத் தாழ்த்துவது இந்தச் சங்கடத்தை எப்படிப் பெருக்குகிறது என்று பாருங்கள். பள்ளத்தில் விழுந்த சக்கரம் மேலே எழும்பி அதிர்ச்சியை ஸ்பிரிங்குக்குக் கொடுத்துவிட இடம் வேண்டும். தாழ்த்திய வண்டியில் அந்த இடம் குறைவு. சக்கரம் சிறிது எழும்பியதுமே ரப்பர்க் கட்டையில் போய் மோதுகிறது. ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியைச் சக்கரம் வாங்கிக்கொள்கிறது. மேற்படி காரின் டயரை அப்படியே மாட்டினால் இன்னும் மோசம். வேனுக்குரிய டயரைவிட அதன் உயரம் 56 மில்லிமீட்டர் குறைவு. ரப்பர்ச் சுவரும் மெல்லியது. பள்ளத்தின் விளிம்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே மெத்தை என்று சொல்ல அதிகம் இல்லை. இரும்புச் சக்கரம் அடி வாங்கினால் பெரும்பாலும் நெளியும்; நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். வார்த்த அலுமினியம் அவ்வளவு நெளிந்து கொடுக்காது, விரிசல் விடும். உட்புறத்தில் விட்ட விரிசலை வெளியே நின்று அழகு பார்க்கிறவரால் பார்க்க முடியாது.

இந்தப் பாடம் புதியதல்ல. இந்த வேன் பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1947ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹாலந்து தேசத்து மோட்டார் வியாபாரி பென் போன், ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் சில கோடுகளைக் கிழித்தார். முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவில் சரக்கு. ரொட்டியைப் போல் ஒரு பெட்டி வண்டி. வோக்ஸ்வாகன் தொழிற்சாலை அதைச் செய்ய முனைந்தபோது, கையில் தயாராக இருந்த தங்கள் பீட்டில் காரின் அடித்தளத்தையே எடுத்து அதன்மேல் இந்தப் பெட்டியை ஏற்றிப் பார்த்தார்கள். மாட்ட முடிந்தது. ஆனால் 1949இல் ஓட்டிச் சோதித்தபோது, காருக்கென்று செய்த தளம் வேனின் பாரத்துக்குப் போதவில்லை என்று தெரிந்துபோயிற்று. அவர்கள் என்ன செய்தார்கள்? “பரவாயில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது” என்று விற்றார்களா? இல்லை. காரின் தளத்தை ஒதுக்கிவிட்டு, வண்டியின் உடலோடு சேர்த்துப் பற்றவைத்த புதிய சட்டத்தை அமைத்தார்கள். 25 குதிரைச் சக்தி மட்டுமே உள்ள எஞ்சின் அவ்வளவு பாரத்தை இழுக்க வேண்டுமே என்று, பின் சக்கரங்களின் அருகே வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பற்சக்கரங்களை வைத்தார்கள். 1950இல் வண்டி வெளிவந்தது. மறு ஆண்டே வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்துக் கொடுக்கத் தொடங்கியது. தன் சொந்தக் காரின் தளத்தையே ‘மாட்டலாம், ஆனால் தாங்காது’ என்று தள்ளியவர்கள் பெற்ற பிள்ளை இந்த வேன். அதற்குப் போய், அயல் வீட்டுக் காரின் சக்கரத்தை ‘மாட்டலாம், ஆகவே தாங்கும்’ என்று பூட்டுகிறார்கள்!

எதிர்த்தரப்பு வாதங்களை நான் கேட்காமல் இல்லை.

“என் வண்டி, என் பணம், என் ரசனை” என்பது முதல் வாதம். வண்டி உங்களுடையதுதான். ஆனால் சாலை உங்களுடையது அல்ல. கழன்று ஓடுகிற சக்கரம் உங்கள் ரசனையைப் பகிர்ந்துகொள்ளாதவர் மேல் போய் மோதலாம். பின்னால் பெல்ட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஏழு வயதுப் பெண் அந்தச் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளுக்கு அப்பாவைத் தெரியும், ஆஃப்செட் தெரியாது.

“எத்தனையோ பேர் மாட்டி ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை” என்பது இரண்டாவது வாதம். ஒன்றும் ஆகாதவர்கள்தான் வந்து பேசுவார்கள். தவிரவும், உலோகம் ஒரே நாளில் களைப்பதில்லை. ஆயிரம் பள்ளங்களைப் பொறுத்துக்கொண்டு ஆயிரத்தோராவது பள்ளத்தில் அது கைவிரிக்கும். அப்போது வண்டி இரண்டு கை மாறியிருக்கும். முதல் சொந்தக்காரர் தம் அனுபவத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று இன்னும் சத்தியம் செய்துகொண்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதிலுள்ள கொடுமை.

“வருஷாந்தரச் சோதனையில் தேறிவிட்டதே” என்பது மூன்றாவது. பிரிட்டனில் மூன்று வயதான வண்டிக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற சோதனை உண்டு. அன்றைக்கு வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிற சோதனை அது. உங்கள் சக்கரத்தின் உலோகம் எத்தனை கிலோ தாங்கும் என்று கணக்கிட்டு முத்திரை குத்துவதற்கு ஏற்பட்டதல்ல. நாடி பார்த்த வைத்தியர் ஜுரம் இல்லை என்று சொன்னால், மூட்டை தூக்கலாம் என்று அர்த்தமா? இன்ஷூரன்ஸ்காரர்களோ, வண்டியில் செய்த மாற்றங்களைச் சொல்லும்படி கேட்கிறார்கள். சொல்லாமல் மறைத்தால் நஷ்ட ஈடு குறையலாம். கிடைக்காமலே போகவும் போகலாம். “சொன்னால் பிரீமியம் ஏறும்” என்று வாயை மூடிக்கொண்டவர், தம் குடும்பத்தை மட்டுமல்ல, எதிரே வருகிறவருடைய குடும்பத்தையும் அந்த மௌனத்துக்குள் இழுத்துவிடுகிறார்.

ஜெர்மனியில் இவ்வளவு தாராளம் கிடையாது. அங்கே வாகன அனுமதி விதிகளின் 19ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து விளையக்கூடிய மாற்றத்தை வண்டியில் செய்தால் ஓட்டுகிற அனுமதியே ரத்தாகும் என்கிறது. வேறு சக்கரம் மாட்ட வேண்டுமென்றால், அது எந்த வண்டிக்கு, எவ்வளவு பாரத்துக்கு என்று அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி எழுதி வாங்க வேண்டும். தாழ்த்தியதற்கு ஒரு காகிதம், சக்கரத்துக்கு ஒரு காகிதம் என்று தனித்தனியே வைத்திருந்தாலும் போதாது. இரண்டும் ஒரே வண்டியில் சேரும்போது அந்தச் சேர்க்கையையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இதைத்தான் நான் விவேகம் என்பேன். மருந்து தனியே நல்லது, பத்தியம் தனியே நல்லது. சேர்ந்தால் என்ன என்று கேட்பவன்தான் வைத்தியன். ஆங்கிலேயர் இதைக் கேட்டு, “ஜெர்மானியருக்குக் காகிதப் பைத்தியம்” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கடைசி வாதம் அழகு. அதை நான் மதிக்கிறேன். நானும் அழகை நம்பிப் பிழைக்கிறவன்தான். ஆனால் அலாய் சக்கரத்தின் அழகு எங்கிருந்து வந்தது? 1966இல் போர்ஷே 911 எஸ் காருக்கென்று ஃபுக்ஸ் கம்பெனி அடித்து உருவாக்கிய அலுமினியச் சக்கரம், இதழ் விரித்த பூவைப் போல் இருந்தது. இன்றைக்கும் அதைப் பார்த்து ஏங்காத மோட்டார் பிரியர் இல்லை. பூவாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அதைச் செய்யவில்லை. ஒரு டன்னைச் சற்றே தாண்டிய காருக்கு, சக்கரம் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது சாலையைக் கவ்விப் பிடிக்கும் என்பதால் செய்தார்கள். தேவையிலிருந்து பிறந்த அழகு அது. அதன் தோற்றத்தை மட்டும் கழற்றி எடுத்து, தேவையை எறிந்துவிட்டு, முற்றிலும் வேறான இன்னொரு வண்டியில் மாட்டினால் அது அழகல்ல, வேஷம். ராஜபார்ட்டுக்காரனின் அட்டைக் கத்தியை மேடையில் பார்க்கலாம். அதை நம்பிப் போருக்குப் போகலாமா?

அப்படியானால் வேனுக்கு அழகான சக்கரமே கூடாதா என்று கேட்பீர்கள். யார் சொன்னது? வோக்ஸ்வாகனின் அமரோக் என்ற பாரவண்டி 2010இல் வந்தது. அதற்கும் ஐந்து போல்ட்டு, 120 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை அதே 65.1, அந்த வண்டியும் மூன்று டன் வகையைச் சேர்ந்தது. லாண்ட் ரோவர் டிஸ்கவரியின் 3ஆம் தலைமுறை மூன்று டன்னைத் தாண்டிய பாரத்துக்கானது. அதன் சக்கரங்களும் 120 மில்லிமீட்டர் வட்டத்தவை. பாரம் சுமக்கவே பிறந்த சக்கரங்கள் இவை. வளையம், போல்ட்டு, ஆஃப்செட், டயர் அளவு இவற்றைச் சரிபார்த்து மாட்டினால் வேன் இவற்றோடு நிம்மதியாக ஓடும். வேனுக்கென்றே பாரக் கணக்கோடு செய்து விற்கிற அலாய் சக்கரங்களும் எத்தனையோ உண்டு. வேண்டியதெல்லாம், வாங்குவதற்கு முன்னால் சில கேள்விகள். வேனின் கதவோரத் தகட்டில் எழுதியிருக்கிற அச்சுப் பாரம் எவ்வளவு? அதில் பாதியைத் தாங்குவதாக இந்தச் சக்கரத்துக்கு எழுத்தில் ஆதாரம் உண்டா? டயரின் எண் அதற்கு ஈடு கொடுக்கிறதா? நடுத்துளையை நிரப்ப என்ன இருக்கிறது? போல்ட்டின் தலை உருண்டையா, கூம்பா? தாழ்த்திய பிறகு சக்கரம் எழும்ப எவ்வளவு இடம் மிச்சம்? பிறகு ஒருநாள், தண்ணீரும் சாமானும் மனிதர்களும் நிறைந்த நிலையில் வண்டியை எடைமேடையில் ஏற்றி நிறுத்திப் பாருங்கள். அந்த முள் காட்டுகிற எண் உங்களைப் புகழாது, ஆனால் ஏமாற்றாது.

இவ்வளவையும் கேட்டு, அத்தனைக்கும் விடை கிடைத்து மாட்டுகிறவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய வண்டி தாழ்ந்து மின்னிக்கொண்டு போனால் நானும் நின்று பார்ப்பேன். கேட்காமல் மாட்டுகிறவரோடுதான் வழக்கு. “இது அந்த வேனுக்குப் பொருந்துமா?” என்று ஒருவர் கேட்க, “ஓ, பேஷாகப் பொருந்தும்” என்று இன்னொருவர் ஒரு சொல்லில் பதில் சொல்லிப் பணத்தை எண்ணிக்கொள்கிறாரே, அந்த வியாபாரத்தோடுதான் வழக்கு. கேட்டவருக்கு ஆசை அவசரம். சொன்னவருக்குக் காசு அவசரம். இருவருக்கும் நடுவே பாரம் என்ற சொல் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

மற்ற வண்டிகளில் மனிதன் பிரயாணம் செய்கிறான். இந்த ஒரு வண்டியில் அவன் குடித்தனம் செய்கிறான். வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தை அழகு பார்த்துப் போடுவதில்லை. மேலே வரப்போகும் சுவர் எத்தனை, மாடி எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்கால் தோண்டுகிறான். சக்கரம் வைத்த வீட்டுக்குச் சக்கரமே அஸ்திவாரம். அதை வேறொருவர் வீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருகிறவர், ‘ஓட்டை ஒத்துவருகிறது’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்லத் தெரியும்வரை, அந்த வண்டிக்குள் ஒரு குழந்தையையும் ஏற்றக்கூடாது.